காவலறையில் கிடந்த மிக்சி

எங்கள் குடியிருப்பு வாசலின் காவலறைக்குள், பார்வையாளர் நோட்டுக்குப் பக்கத்தில், ஒரு பழைய மிக்சி பத்து மாதமாகக் கிடந்தது. மூடியின் ஓரம் உடைந்திருக்கும், உடைத்தது நான்தான். காரில் வெளியே போகும்போதெல்லாம், போன் வந்ததுபோல மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். வெட்கங்கெட்டவள்!

நெம்மேலிக்குப் பக்கத்தில் இங்கே வீடு வாங்கியதே பாதுகாப்புக்காகத்தான். கணவருக்கு வெளியூர் வேலை. நானும் மகளும் மட்டும். மதில், கேமரா, எந்நேரமும் காவல் என்றான பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். அதைப் பொய் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனபோது, பொருள் காணோம் என்று சில வீடுகளிலிருந்து புகார் வந்தது. உடனே ஒரு விதி கொண்டுவந்தேன். வேலைக்கு வருகிறவர்கள் எதை எடுத்துப் போனாலும் வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். இல்லாவிட்டால் வாசலில் நிறுத்திப் படமெடுத்து, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். காவலறையில் தங்கிய பொருளை யார் எடுத்துப் போனாலும் அதே சீட்டு. யாருக்கும் விலக்கு கிடையாது என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். நம் பைகளை யார் பார்ப்பது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

புது மிக்சி வாங்கிய அன்று, பழையதை எங்கள் வீட்டில் சமைத்த அக்காவிடம் கொடுத்தேன். சீட்டு எழுத மறந்துவிட்டேன். அலுவலக மீட்டிங்கில் இருந்ததால், வாசலிலிருந்து வந்த இரண்டு அழைப்புகளையும் எடுக்கவில்லை. முடிந்து பார்த்தால், குழுவில் அக்காவின் படம். மிக்சியை அணைத்துக்கொண்டு தலை குனிந்து நிற்கிறார். கீழே, "யார் வீட்டுப் பொருள்?" "எங்க வீட்டுக்கும் வர்றாங்களே!" "அப்பவே நெனச்சேன்."

கீழே ஓடி, நான் கொடுத்ததுதான் என்று காவலாளியிடம் சொன்னேன். அக்கா அழவில்லை.

"இவராண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நாலு வூட்ல வேல செஞ்சிகினு கீறேன். போன்ல அல்லாரும் பாத்துட்டாங்கோ. நீ குட்த்தேன்னு அதுலயே ஒரு வரி போடும்மா."

போடுகிறேன் என்றேன். எழுதவும் எழுதினேன். விதி போட்டவளே மீறினாள் என்று சிரிப்பார்களே என்று அழித்துவிட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். மற்ற மூன்று வீடுகளும் அவரை நிறுத்திவிட்டன. என் வீட்டுக்கு அவரே வரவில்லை. மிக்சியை அன்றைக்கே காவலறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

போன வாரம், அவர் செய்யூர்ப் பக்கம் மகள் வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது. கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று மிக்சியைத் தூக்கினேன். காவலாளி சங்கடத்தோடு சீட்டுப் புத்தகத்தை நீட்டினார்.

"புட்ச்சி வெச்ச பொருளு மேடம், சீட்டு வோணும். நீங்க போட்ட ரூலுதான்."

பொருள், பழைய மிக்சி. யாருக்கு என்ற இடத்தில் அக்காவின் பெயர். கொடுத்தவர், நான். அன்று அக்கா கேட்டது இவ்வளவுதான். அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டேன். 'இவர் திருடவில்லை, நான்தான் கொடுத்தேன்' என்றும் எழுதினேன்.

பக்கத்து இருக்கையில் மிக்சியோடு வெகுநேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு பதில் வந்தது. அன்று "அப்பவே நெனச்சேன்" என்று எழுதியவரிடமிருந்து.

"யார் மேடம் இவங்க?"