சிவப்புக் குழாயடிக் கீரை

வங்காளத்துக் கிராமம் ஒன்றில் கிரிபாலா ஹால்தார் வீட்டு வாசல் அடிகுழாய்க்குப் பஞ்சாயத்தார் சிவப்புச் சாயம் அடித்துப் பதினாறு வருடமாகிறது. தண்ணீரில் ஆர்சனிக் விஷம், குடிக்காதே என்று அர்த்தம். குடிக்கலாம் என்ற பச்சைக் குழாய் ஒரு மைல் தள்ளி இருந்தது. சாயம் மழையில் கரைந்ததுபோல விஷமும் கரைந்திருக்கும் என்பது புருஷன் நிதாயின் ஆராய்ச்சி. கிரிபாலாவின் உள்ளங்கையில் முளைத்த கெட்டிப் பருக்கள் அந்த ஆராய்ச்சிக்குக் கட்டுப்படவில்லை.

குழாயடிச் சேற்றில் குலேகாரா கீரை, நம்முடைய நீர்முள்ளிதான், மதமதவென்று வளர்ந்தது. போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து தீபான்விதா என்ற பெண் வந்தாள். அந்தக் கீரைச் சாறு, நோயோடு போராடும் இரத்த அணுக்களை ஆர்சனிக்கிலிருந்து காக்கிறதா என்று எலிகளில் சோதிக்கிறாளாம்.

"மருந்து வந்தா முதல் பாட்டில் உங்களுக்குத்தான், மாசிமா" என்று சித்தி முறை வைத்துச் சொன்னாள்.

போதாதா? கிரிபாலா பாதி டாக்டராகிவிட்டாள். அந்தப் பாட்டிலை நம்பி ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. தீபான்விதா வரும்போதெல்லாம் பத்தாசா மிட்டாயும் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்து உபசரித்தாள். அவள் மிட்டாயைத் தின்பாள், தண்ணீரை வைத்துவிடுவாள். பட்டணத்துப் பவிசு என்று கிரிபாலா மன்னித்துவந்தாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை தீபான்விதா வழக்கமாகக் கீரை பறித்துப்போகும் பையில்லாமல் வந்தாள்.

"இனிமே உங்க கீரை வேண்டாம், மாசிமா. அதுலயே ஆர்சனிக் ஏறியிருக்கு. எலிக்குக் குடுக்க முடியாது."

நிதாய் சிரித்தான். "எலிக்கு ஆகாதாம். எனக்கு மட்டும் தினம் ரெண்டு கரண்டி வைக்கிறா."

கிரிபாலாவுக்கு அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"அப்ப என் பாட்டில்?"

"வேற ஊர்க் கீரைல மறுபடி ஆரம்பிக்கணும். அஞ்சாறு வருஷம் ஆகும்."

"உன் எலிங்க என்ன தண்ணி குடிக்குது?"

"பாதிக்கு விஷத் தண்ணி. பாதிக்குச் சுத்தமான தண்ணி."

"அந்தப் பாதிக்கு மட்டும் என்ன அப்படி ஒரு யோகம்?"

"ஒண்ணும் ஆகாத உடம்பு எப்படி இருக்கும்னு ஒப்பிட்டுப் பாக்கணும்ல."

"அதுக்கு எங்க ஊர்ல ஆள் கிடைக்காதுதான்."

தீபான்விதா தலையைக் குனிந்துகொண்டு பத்தாசாவைக் கடித்தாள். பிறகு தன் கைப்பையிலிருந்த பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். தம்ளர் நிறைந்தபடியே இருந்தது. ஒரு வருடமாக அப்படித்தான் இருந்தது என்பது கிரிபாலாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் தம்ளரைக் கீரைமேல் கவிழ்த்தாள். குடத்தை இடுப்பில் வைத்தாள்.

"வெயில்ல எங்கடி கிளம்பிட்டே?" என்றான் நிதாய்.

"பச்சைக் குழாய்க்கு. இன்னிலேர்ந்து நானும் அந்தப் பாதி எலி."