வெயிலில் வெந்த மீன் குழம்பு

கல்யாணம் ஆன புதிதில் நாங்கள் அண்ணாமலை நகரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பௌதிக ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. எங்கள் இரண்டு குடும்பங்களும் கடலை நம்பிப் பிழைத்தவை. கடலுக்குப் போகாமல் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் அவர்தான். தேவனாம்பட்டினத்தில் இருந்த என் அண்ணனுக்கு அதுவே பெரிய சங்கடம். படித்த மாப்பிள்ளையிடம் என்ன பேசுவதென்று அவனுக்குத் தெரியாது. என்னைப் பார்க்க ரயிலேறி வருவான், "மாப்பிள்ள, நல்லாருக்கீங்களா?" என்று கேட்பான், அவர் "இருக்கேங்க" என்பார். அத்தோடு சரி. அதற்கப்புறம் இருவரும் உட்கார்ந்து சுவரில் தொங்கும் காலண்டரையே பார்ப்பார்கள். அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அந்தக் கோடையில் மண்ணெண்ணெய் குதிரைக் கொம்பாகிவிட்டது. வெயிலிலேயே சமைக்கலாம் என்று இவர் எங்கோ படித்துவிட்டு வந்தார். ஒரு கள்ளிப்பெட்டியை வாங்கி, உள்ளே தகரம் அடித்து, தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே உமியைத் திணித்தார். உட்புறம் முழுக்கக் கறுப்பு வர்ணம், மேலே ஜன்னல் கண்ணாடி. வெயிலைத் திருப்பி உள்ளே விட முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வேண்டும் என்றார். வீட்டில் இருந்ததே ஒன்றுதான், என் சீரோடு வந்தது. அது பெட்டி மூடியில் ஏறிய நாளிலிருந்து நான் கொல்லைக்குப் போய், பெட்டிக்கு முன்னால் குனிந்து நின்றுதான் பொட்டு வைத்துக்கொண்டேன்.

முதலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துப் பார்த்தோம். வெந்தது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சங்கரா மீனோடு வந்தபோது, இன்றைக்கு அடுப்பே பற்ற வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் குழம்பைக் கூட்டி ஒரு குண்டானிலும், அரிசியைக் களைந்து இன்னொன்றிலும் பெட்டிக்குள் வைத்தேன்.

அண்ணன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "கருவாடு போடவா மாப்பிள்ள? மணல்ல போட்டாலே காயுமே" என்றான்.

இவர் வெப்பத்தைப் பற்றிப் பாடம் நடத்த ஆரம்பித்தார். அண்ணன் என்னைப் பார்த்தான். உள்ளே போன சூடு கண்ணாடியைத் தாண்டி வெளியே வராதாம் என்று நான் சுருக்கிச் சொன்னேன்.

"உள்ள வந்தா வெளிய போவாதா? எங்க மாமியா வூட்டு ஆளுங்க மாதிரின்னு சொல்லு."

இவர் சிரித்துவிட்டார். அண்ணன் பேச்சுக்கு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இருவரும் வேப்ப மர நிழலில் காவலுக்கு உட்கார்ந்தார்கள். சூரியன் நகர நகர இவர் பெட்டியைத் திருப்பினார். ஒரு தடவை திருப்பியதில் வெளிச்சம் எதிர் வீட்டுக்குள் பாய்ந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த மனுஷர் முகத்தில் விழுந்தது. அவர் மனைவி வேலியோரம் வந்து, தன் வீட்டுக்காரர் தூங்கவா வேண்டாமா என்று கேட்டுவிட்டுப் போனாள். அவர்கள் சைவம் வேறு. அதற்குள் குழம்பு வாசனை கிளம்பி, தெருவிலிருந்த பூனைகள் எல்லாம் கொல்லையில் கூடிவிட்டன. அண்ணன் துண்டைச் சுழற்றி விரட்டினான்.

பிறகு மேகம் வந்தது. கடற்காற்றுக்கு இது நிற்காது, கலைந்துவிடும் என்று அண்ணன் அடித்துச் சொன்னான். அது கலையவில்லை, கூட நாலு மேகத்தை அழைத்து வந்தது. பசி தாங்காமல் அண்ணன் அடிக்கடி பெட்டியைத் திறந்து பார்க்க ஆரம்பித்தான். ஒவ்வொரு தடவையும் குபுகுபுவென்று ஆவி வெளியேறியது. இவரும் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்?

"யோவ் மச்சான், மூடுய்யா. தொறந்து தொறந்து பாத்தா எப்புடிய்யா வேவும்?"

அதுவரை அண்ணனிடம் 'வாங்க, போங்க' தவிர அவர் பேசியதே இல்லை. அவரே பயந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் பெட்டியை மூடிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இப்பதான்யா நீ எங்க வூட்டு மாப்பிள்ள மாதிரி பேசுற" என்றான்.

அப்புறம் இருவருக்கும் வாய் ஓயவில்லை. இவர் சின்ன வயதில் கட்டுமரத்தில் ஏறியதும் வாந்தி எடுத்த கதையை எனக்குக்கூடச் சொன்னதில்லை, அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வெயில் சாயும் நேரத்தில் பெட்டியைத் திறந்தோம். மீன் உடையாமல் வெண்ணெயாக வெந்திருந்தது. அரிசி மட்டும் பல்லை உடைக்கும் பதத்தில் இருந்தது. மூன்று பேரும் குழம்பைச் சுற்றி உட்கார்ந்து திருதிருவென்று விழித்தோம். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எதிர் வீட்டம்மாள் ஒரு வாளி நிறையச் சோறு கொண்டுவந்து வேலி மேலாக நீட்டினாள். சோற்றை வேறு பாத்திரத்தில் கொட்டிக்கொண்டு வாளியை இப்போதே தந்துவிடச் சொன்னாள், மீன் பட்ட பாத்திரத்தை அவள் வீட்டுக்குள் சேர்க்க முடியாதாம். கையோடு கொடுத்தனுப்பினேன். அப்படி ஒரு மீன் குழம்பை நான் அடுப்பில் வைத்ததே இல்லை. அண்ணன் குண்டானை வழித்துச் சாப்பிட்டான்.

அண்ணனை ரயிலேற்றிவிட இவர் கூடப் போனார். விளக்கு வைத்த நேரத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள். என்ன ஆச்சு என்று கேட்டேன். பேசிக்கொண்டே நடந்ததில் ரயில் போய்விட்டதாம். சொல்லும்போது இருவர் முகத்திலும் வருத்தம் கொஞ்சமும் இல்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் எங்கள் வீட்டில் தங்கியது அன்றைக்குத்தான் முதல் தடவை.