கிளெனிஸ் பலகையில் போட்ட மஞ்சள் பட்டை

கிளெனிஸ் ட்ரெவார்த்தாவின் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். அவள் எழுதிக் கொடுத்த கடைச் சீட்டைப் புருஷன் ரெக்ஸ் திருப்பித் திருப்பிப் பிடித்துப் படிப்பான். ஆனால் கோரெல்லா பே ஊரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் வாசலில் நிற்கிற கரும்பலகை அவள் செய்ததுதான்.

கரும்பலகை என்று பேர்தான், சாக்குக்கட்டியால் எழுதினது மாதிரி கம்ப்யூட்டரில் வரைந்து அச்சடிப்பது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த குளிர்காலத்தில், அடுக்களை மேசையில் மகனுடைய பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவளாகக் கற்றுக்கொண்ட வேலை. கறுப்பை அப்படியே கறுப்பாக விடக்கூடாது. ஈரத்துணியால் துடைத்த பலகை மாதிரி லேசாக வெள்ளைப் புகை பரவியிருக்கணும். ஒரே எழுத்து இரண்டு தரம் வந்தால் இரண்டாவதைக் கொஞ்சம் சாய்த்து, ஓரத்தை அரித்துவிடணும். இல்லாவிட்டால் மெஷின் எழுதினது என்று காட்டிக் கொடுத்துவிடும். முடித்ததும் அச்சுக்கடைக்கு அனுப்பினால், தடித்த அட்டையில் பளபளப்பில்லாமல் அடித்துத் தருவார்கள்.

அவளுக்கு இருந்த இன்னொரு வேலை, ஊர் புட்பால் டீமின் ஜெர்சிகளைத் துவைப்பது. ரெக்ஸ் ஆடின காலத்தில் ஆரம்பித்தது, மகன் மிட்ச் ஆடும்போதும் ஓயவில்லை. சீசன் முழுக்க ஞாயிற்றுக்கிழமையானால் கொல்லைக் கொடியில் வரிசையாகக் கறுப்பு ஜெர்சி, குறுக்கே மஞ்சள் பட்டை.

மிட்ச் கல்யாணம் செய்யப்போகிற பெண், பக்கத்து ஊரான டல்லிங்டனின் ஹெய்டி. அவள் அப்பா கிளாரி நோஸ்கே அந்த ஊர் கிளப்புக்குத் தலைவர். போன வருஷ இறுதி ஆட்டத்தில் கோரெல்லா பே டல்லிங்டனை ஜெயித்தது மிட்ச் கடைசியாக உதைத்த கோலால். அவர்கள் ஆடுகிற புட்பாலில் பந்து கம்பத்தில் பட்டாலே கோல் கிடையாது; அன்றைக்குப் பந்து உரசினது, அது கோலே இல்லை என்பது கிளாரியின் கட்சி. அதை அவர் இன்னும் விடவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மண்டபத்துக்கு மேசைகள் ஏற்றிக்கொண்டு வந்த கிளாரி, வாசலில் இருந்த பலகையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன கிளெனிஸ் இது?"

"வரவேற்புப் பலகை. உன் பொண்ணு பேரும் என் பையன் பேரும் போட்டிருக்கு. கண்ணாடி கொண்டு வரலையா?"

"பேர் தெரியுது. தோள்லேருந்து இடுப்பு வரைக்கும் குறுக்கே ஒண்ணு போகுதே, அது என்ன?"

"ரிப்பன்."

"கறுப்புல மஞ்சள் ரிப்பன்."

"கரும்பலகை கறுப்பாத்தான் இருக்கும், கிளாரி."

"உங்க ஜெர்சியைத் தாண்டி என் பொண்ணை நான் கூட்டிட்டு வரமாட்டேன். அவ அம்மா கூட்டிட்டு வரட்டும். நான் வண்டியில உக்காந்திருக்கேன்."

பூ ஜாடிகளோடு நின்ற ஹெய்டி, "அப்பா, விளையாடாதீங்க" என்றாள்.

"நான் எங்க விளையாடினேன்? விளையாடினது உன் மாப்பிள்ளை. பந்து கம்பத்துல பட்டுது" என்று சொல்லிவிட்டு, மேசைகளை இறக்கி வைத்துவிட்டுத்தான் போனார்.

ஹெய்டி மூக்கை உறிஞ்சினாள். "சொன்னா செஞ்சிடுவார், கிளெனிஸ். அண்ணன் கல்யாணத்துல ஆட்டுக்கறி இல்லைன்னு சாயங்காலம் வரைக்கும் வண்டியிலதான் இருந்தார். எனக்கு அவர் கையைப் பிடிச்சுட்டுத்தான் உள்ள வரணும்."

"அழாத. மூக்கு சிவந்தா போட்டோவுல தெரியும்" என்றாள் கிளெனிஸ்.

வீட்டுக்குப் போய் ரெக்ஸிடம் கேட்டாள்: "அது ஜெர்சி மாதிரியா இருக்கு?"

"ஜெர்சியேதான், கிளென். வேணும்னே போட்டேன்னு நினைச்சேன். சபாஷ்னு கூட நினைச்சேன்."

"ஏன்டா சொல்லித் தொலைக்கல?"

"அதுல தப்பு ஒண்ணும் படலையே."

அவள் வேண்டுமென்று போடவில்லை. அழகாக ஏதாவது போடலாம் என்று கை போனது, அவ்வளவுதான். வருஷக்கணக்காகக் கொடியில் பார்த்ததே அழகு என்று ஆகிவிட்டிருந்தது.

பலகையைத் தூக்கி உள்ளே போட்டுவிடலாம் என்றால், யாருக்கு எந்த மேசை என்பது அதில்தான் இருந்தது. அது இல்லாவிட்டால் இரண்டு ஊரும் ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கும். லேப்டாப்பில் மஞ்சளை மாற்ற ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அச்சுக்கடைக்காரன் கடையைச் சாத்திவிட்டு மீன் பிடிக்கப் போயிருந்தான், திங்கட்கிழமைதான் வருவான்.

கிளெனிஸ் பாருக்குப் போனாள். பில்லியர்ட்ஸ் குச்சி நுனியில் தேய்க்கிற நீல சாக்குக்கட்டி இருந்ததையெல்லாம் வாங்கிவந்து, மஞ்சள் பட்டை மேல் அழுத்தித் தேய்த்தாள். நன்றாகவே பிடித்தது. நீலம் டல்லிங்டன் கிளப்பின் நிறம்.

"இப்ப நான் வண்டியில உக்காரணுமா?" என்றான் ரெக்ஸ்.

"உக்காரு. பீர் அனுப்பி வைக்கிறேன்."

மறுநாள் கிளாரி சாம்பல் நிறக் கோட்டில் வந்தார். ஹெய்டி வண்டிக்குள்ளேயே இருந்தாள். அவர் பலகை முன்னால் குனிந்து, பட்டையை விரலால் ஒரு இழு இழுத்தார். விரலில் நீலம் வந்தது, பலகையில் மஞ்சள் தெரிந்தது.

"அடியில அதேதான் இருக்கு" என்றார்.

"இருக்கத்தான் செய்யும். அச்சடிச்சதை நான் என்ன நக்கியா எடுக்கறது? யாரும் கை வைக்காம இருந்தா சாயங்காலம் வரைக்கும் நீலமா நிக்கும். கை வச்சது நீதான்."

கிளாரி விரலைப் பார்த்தார். பிறகு அந்த விரலாலேயே, இழுத்த இடத்தில் திரும்பத் தேய்த்து மூடினார். அதற்கப்புறம் பலகையை விட்டு நகரவில்லை. மேசை நம்பர் பார்க்க வந்தவர்களையெல்லாம், "தள்ளி நின்னு பாரு, தம்பி. அம்மா, பையை அந்தப் பக்கம் மாத்திக்கோங்க" என்று விரட்டினார். கோரெல்லா பே ஆட்களில் அவரைத் தெரியாதவர்கள், கூலிக்கு வைத்த வாசல் காவல்காரர் என்று நினைத்துக் கோட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள். வாங்கி மாட்டியும் வைத்தார்.

இசை ஆரம்பித்ததும் போய் ஹெய்டியைக் கூட்டிவந்தார். வாசல் குறுகல். வெள்ளை கவுன் பலகைப் பக்கம் அலைந்தது. கிளாரி மகளின் கையை விடாமல், மறுகையால் கவுனை அள்ளிப் பிடித்தபடி, முக்கால்வாசி குனிந்தே உள்ளே போனார்.

"நிமிர்ந்து வாங்கப்பா" என்றாள் ஹெய்டி.

"பேசாம நட. பட்டுச்சுன்னா போகாது."