தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு கொத்து ஊதுபத்தி

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பொறியியல் இளங்கலை மாணவர்களுக்குக் காற்றோட்டம் பற்றிப் பாடம் எடுக்கிறேன். விசிறியால் காற்றை ஓட்டி இறக்கை மாதிரிகளைச் சோதிக்கும் நீளமான பெட்டி ஒன்று, விண்ட் டனல், எங்கள் கல்லூரியில் இருந்தது. அதன் மோட்டார் கெட்டுப் படுத்துவிட்டது. வீடியோ காட்டிக் காட்டி எனக்கே கொட்டாவி வந்தது. பொறுக்க முடியாமல் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

மலேசியாவின் கேமரன் மலையில் நாங்கள் பிறந்த எஸ்டேட்டின் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் தளத்துக்கு அண்ணன்தான் பொறுப்பு. கொழுந்து பரப்பிய நீளத் தொட்டிகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஆளுயர விசிறி. கம்பிவலைக்கு அடியில் புகும் காற்று கொழுந்தின் ஊடே மேலே வரும். இதைவிடப் பெரிய விண்ட் டனலுக்கு நான் எங்கே போவேன்? எஸ்டேட் மேனேஜரான துரையிடம் கெஞ்சிக் காலித் தொட்டி ஒன்றை வாங்கித் தந்தார் அண்ணன்.

மாணவர்களை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் வாசலிலேயே எங்களை மறித்தார். "சென்ட்டு, பவுடரு, மல்லிப்பூ எதுவும் உள்ள வரக்கூடாதுலா. கொழுந்து வாசத்தப் புடிச்சிக்கும். அப்புறம் என் வேலதான் போவும்."

பிள்ளைகள் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தி பூவை பஸ்ஸில் வைத்துவிட்டு வந்தாள்.

விசிறி ஓடியது. வேகம் அளக்கச் சொல்லி அந்த முனைக்கும் இந்த முனைக்கும் அலைந்துகொண்டிருந்தேன். திரும்பினால், விசிறிக்கு முன்னால் ஒரு மாணவன் கொத்தாக ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்! காற்றின் போக்கைப் பார்க்கக் கல்லூரியில் ஊதுபத்திப் புகையைத்தான் விடுவோம். அவனுக்கு அது லேப் சாமான். அதற்கும் வாசனை உண்டு என்பதே அவனுக்குத் தோன்றவில்லை.

அண்ணன் ஓடிவந்து எல்லா விசிறிகளையும் நிறுத்தினார். அதற்குள் தளமெங்கும் சந்தன மணம். துரை வந்தார், மோந்து பார்த்தார், முகம் சிவந்தது. இருக்கிற கொழுந்தையெல்லாம் கொட்டிவிட்டு, நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னார்.

"பிள்ளைங்க மேல தப்பில்லங்க தொரை. நாந்தான் பாத்திருக்கணும்," என்றார் அண்ணன்.

"மிஸ், புகை எங்கெங்க போயிருக்கும்னு காட்ட முடியுமே," என்றான் ஊதுபத்தி பிடித்தவன்.

துப்பட்டாவிலிருந்து நூல் உருவிக் குச்சிகளில் கட்டினோம். துரையின் அனுமதியோடு விசிறிகளை மறுபடி ஓட்டி, அவன் நின்ற இடத்தைச் சுற்றிக் குச்சிகளைப் பிடித்தோம். நூல்கள் காலித் தொட்டிப் பக்கமும் அதற்கு அடுத்த தொட்டிப் பக்கமும்தான் சாய்ந்தன. மற்ற விசிறிகள் ஜன்னல் காற்றை இழுத்துக்கொண்டிருந்தன. துரை தானே ஒரு குச்சியை வாங்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு தொட்டியாகக் கொழுந்தைக் கசக்கி மோந்தார். அந்த அடுத்த தொட்டியில் மட்டும்தான் சந்தனம். அதை மட்டும் கொட்டினார்கள். அண்ணன் வேலை தப்பியது.

பிள்ளைகள் ஒரே கூச்சலாக பஸ் ஏறினார்கள். இவ்வளவு நல்ல பாடம் நான் நடத்தியதே இல்லை. அந்தப் பரபரப்பில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அண்ணே, அடுத்த செமஸ்டர்..." என்று ஆரம்பித்தேன்.

அண்ணன் என் தலையில் கை வைத்தார்.

"வாம்மா. தொட்டி காலியா இருக்கான்னு கேக்காம, ஒரு தடவ சும்மா வா."