ஒருக்களித்துப் படுக்கும் நெல்

கட்டிடக்கலை படித்த மூன்றாம் ஆண்டில் ஒரு பயிற்சி தந்தார்கள். வெளிநாட்டில் புகழ்பெற்ற வெள்ளை வீடு ஒன்று, மெல்லிய தூண்கள் மேல் தட்டையான மாடியோடு நிற்கிறது. அதன் சாயல் மாறாமல், வேறோர் ஊருக்கு ஏற்றபடி வரைய வேண்டும். நான் எங்கள் ஊரான உத்திரமேரூரை எடுத்துக்கொண்டேன். இருமுறை வரைந்தேன். இருமுறையும் ஓரத்தில், "இதில் ஊர் எங்கே?" என்று எழுதித் திருப்பினார் ஆசிரியர். மூன்றாவதும் திரும்பினால் அந்த ஆண்டையே மறுபடி படிக்க வேண்டும்.

சனிக்கிழமை, அட்டையில் செய்த வீட்டு மாதிரியோடு ஊருக்குப் போனேன். மாடியில் அண்ணி நெல் துழாவிக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி இது, ஏரியில கொக்கு நிக்கற மாதிரி கீது?"

"வூடு அண்ணி. மேல நெல்லு காயப்போடலாம்."

குனிந்து பார்த்தார். "மழைத்தண்ணி போற ஓட்டைய இன்னாத்தால அடைப்பே? உங்கண்ணன் துணியத் திணிச்சிட்டு மறந்துடுவாரு. மழை வந்தா நெல்லு நீச்சலடிக்கும். துணி இல்லன்னா நெல்லு தெருவுக்குப் பூடும்."

எங்கள் மாடியிலும் ஓட்டையில் கந்தல் துணிதான் இருந்தது. இத்தனை நாள் பார்த்தும் கவனித்ததில்லை.

இருபது நெல்லைப் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் அடுக்கி அளந்தேன். ஐம்பது மில்லிமீட்டர். ஒன்றுக்கு இரண்டரை. அப்படியானால் இரண்டு மில்லிமீட்டர் கீறல் போதும், தண்ணீர் போகும், நெல் நிற்கும். தகரத்தில் கீறல் வெட்டி ஓட்டையில் பொருத்தி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீரோடு நெல்லும் போனது.

அண்ணி சிரித்தார். "படுத்தா நெல்லு மல்லாந்தே படுக்கும்னு நெனச்சியா? ஒருக்களிச்சும் படுக்கும்."

அகலத்தை அளந்தவன் தடிமனை அளக்கவில்லை. அது இரண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரையில் வெட்டிய கீறலில் ஒரு நெல்லும் போகவில்லை. தண்ணீர் மட்டும் மெதுவாக இறங்கியது. வரைபடத்தை அன்றே திருத்தினேன்.

திங்கட்கிழமை, தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர் வரைபடத்தின் மாடி ஓரத்தில் விரல் வைத்தார். "கீறல் ஏன் ஒன்றரை? ரெண்டா இருந்தா இன்னும் தண்ணி போகுமே?"

"நெல் ஒருக்களித்துப் படுக்கும் சார்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "படுக்கவெச்சுப் பார்த்தீங்களா?"

தகரத் துண்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். கீறலில் ஒரு பதர் இன்னும் சிக்கியிருந்தது. அதை நகத்தால் எடுத்துப் பார்த்தார். வைக்கோல் தூசியில் இந்த வீடு எத்தனை நாள் வெள்ளையாக இருக்கும் என்று கேட்டார். தெரியாது என்றேன். தேர்ச்சி என்று எழுதிவிட்டு, தகரத்தைத் தானே வைத்துக்கொண்டார்.