தண்ணீர்ப் பேசினும் துண்டும் போட்ட பேட்ஜ்

பிள்ளைகளா, உங்கள் அக்காவின் படிப்பை நிறுத்திக் கூட்டிவர நான் ஒரு தடவை கல்லூரிக்குப் போனேன். ஏன் போனேன் என்று உங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை.

அது கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரி. விடுதியை நான்கு ஹவுஸாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம் வைத்திருக்கிறார்கள். அக்கா முதல் லீவுக்கு வந்தபோது அவள் பையில் குத்தியிருந்த பேட்ஜைப் பார்த்தேன். வாயகன்ற ஒரு தண்ணீர்ப் பேசின், அதன் விளிம்பில் ஒரு துண்டு.

"என்ன ஆத்தா, பாத்திரம் கழுவவா அனுப்பிவச்சேன்?"

"அது பணிவுக்கு அடையாளம்ப்பா. எங்க ஹவுஸ்ல எல்லாருக்கும் அதான் கொள்கை."

"மத்த ஹவுஸுக்கு?"

"விளக்கு, புறா, திராட்சக் கொடி."

"கொடி இருக்குற ஹவுஸ்ல கேட்டு வாங்கியிருக்கலாம்ல. நம்ம திராட்சத் தோட்டத்துக்கும் பொருத்தமா இருக்கும்."

அவள் சிரித்தாள். நம் பிள்ளையாகப் பார்த்து வேண்டுமென்றே இதைக் கொடுத்திருக்கிறார்கள் என்றே எனக்குப் பட்டது.

ஒரு மாதம் கழித்து போன் செய்தாள். சனிக்கிழமை ஹவுஸ் நாளாம். சீட்டுக் குலுக்கி, வந்த பேருக்குக் கால் கழுவிவிடுவார்களாம், அவர்கள் சாமி தன் சீடர்களுக்குச் செய்ததுபோல; பேட்ஜில் இருக்கிற பேசினும் துண்டும் அதற்குத்தானாம். பெற்றவர்களும் வரலாமாம். இது மதத்தில் சேர்க்கிற வழி என்று முடிவு கட்டினேன். "பெட்டியைக் கட்டி வை" என்றேன்.

உங்கள் அம்மா கேட்டாள்: "மதம் மாத்துறவுக பெத்தவுகளக் கூப்பிட்டு வச்சா மாத்துவாக?"

"அதான் தந்திரம்" என்று சொல்லிவிட்டுக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சீட்டு எடுத்து முடித்திருந்தார்கள். அக்காவுக்கு வந்த பேர், விடுதியில் குளியலறை கழுவுகிற அம்மாவுடையது. எனக்கு ரத்தம் கொதித்தது. எதனால் கொதித்தது என்று உங்களிடம் எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது.

"சீட்டெல்லாத்தையும் நான் பாக்கணும்" என்றேன். வார்டன் சிஸ்டர் கோபப்படவில்லை. "பாருங்க ஐயா" என்றார். எல்லோருடைய சீட்டையும் ஒவ்வொன்றாக வாங்கிப் பிரித்தேன். சிஸ்டர் எடுத்திருந்தது வாட்ச்மேன் பேர். கார் வைத்திருக்கிற வீட்டுப் பெண் ஒருத்திக்குச் சமையல்கார அம்மா. வேண்டுமென்று செய்ததாக எதுவும் தட்டுப்படவில்லை. அப்படியும் மனசு ஆறாமல் அக்கா பக்கம் போனேன்.

அவள் ஏற்கெனவே முட்டி போட்டிருந்தாள்.

"எந்திரி."

"அப்பா, தண்ணி ஆறிப்போகும். செத்த தள்ளி நில்லுங்க. இவுகளுக்குப் பித்தவெடிப்பு."

அந்த அம்மா காலை இழுத்தார். "ஐயா சொல்றதும் சரிதான் தாயி. எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. விட்ரு."

"ஆடாதீகம்மா. கூசுதா?"

"கூசத்தான் செய்யும். இது வரைக்கும் எவ தொட்டா என் கால?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த நேரத்தில் அக்காவின் கையைப் பிடித்து இழுத்திருந்தால், அந்த அம்மா நனைந்த காலோடு அத்தனை பேர் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அது என்னால் முடியவில்லை. பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் கேட் வரைக்கும் அக்கா வந்தாள்.

"பெட்டி கட்டலப்பா."

"சரி, படி. ஜெபத்துக்குக் கூப்பிடுறாகளா?"

"கூப்பிடுவாக. போயி உக்காந்திருப்பேன்."

"வாயத் தொறப்பியா?"

"பாட்டு நல்லா இருந்தா பாடுவேன்."

அவளை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாக பஸ் ஏறினேன். அந்தக் கடைசிப் பதில் பஸ் வீரபாண்டியைத் தாண்டியும் என்னை விடவில்லை. இன்றைக்கும் போனில் பேசும்போது, இந்த வாரம் ஜெபத்தில் என்ன பாட்டு என்று அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.