கைராசிக்காரரின் கட்டைவிரல்

ஏல மைதானத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'கைராசி' என்றால் போதும். நாலு பேர் மாறி மாறிச் சுற்றியும் முனகாத பழைய டிராக்டர்கூட, அவர் போய் ஹேண்டிலைத் தொட்டதும் இருமிக்கொண்டு எழுந்துவிடும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. அது ராசி இல்லை, பயம் என்பது அவருக்கும் அவருடைய தங்கைக்கும் மட்டுமே தெரியும்.

அந்தக் காலத்து டிராக்டருக்குச் சாவி கிடையாது. முன்மூக்கில் இருக்கிற ஓட்டையில் இரும்பு ஹேண்டிலைச் செருகி, கையால் சுற்றித்தான் எழுப்ப வேண்டும். உள்ளே நெருப்புப் பொறி ஒரு கணம் முந்திக்கொண்டால் எஞ்சின் திருப்பி உதைக்கும். மாடு உதைத்தால் விலகி ஓடலாம். இது உதைக்கும்போது நம் கை அதன் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

பட்டறையில் சேர்ந்த முதல் வருஷமே ஒருவருடைய மணிக்கட்டு அப்படி ஒடிந்த சத்தத்தை அவர் கேட்டுவிட்டார். காய்ந்த விறகு ஒடிகிற சத்தம். அன்றிலிருந்து எந்த வண்டியையும் ஒரு சுற்று சுற்றிவந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பிறகே ஹேண்டிலுக்கு வருவார். நேரே நிற்க மாட்டார், ஒதுங்கி நிற்பார். மேல்நோக்கி இழுப்பாரே தவிர, கீழே அழுத்த மாட்டார். எல்லாவற்றையும்விட முக்கியம் கட்டைவிரல். அது மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கமாகக் கிடக்க வேண்டும். கை கொக்கியாக இருந்தால் உதைக்கிறபோது வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். கட்டைவிரலைச் சுற்றிப்போட்டு முஷ்டியாகப் பிடித்தால், ஹேண்டில் போகிற இடத்துக்கெல்லாம் கையும் போகும்.

பயந்த கை எதைத் தொட்டாலும் முஷ்டியாகத்தான் பிடிக்கப் பார்க்கும். அந்தக் கையைக் கொக்கியாகவே வைத்திருப்பதுதான் அவர் வாழ்நாளெல்லாம் பார்த்த வேலை.

அவருடைய மச்சான், தங்கையின் கணவர், இதற்கு நேர் எதிர். பயம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள். சொந்தமாக ஒரு பழைய டிராக்டர் வைத்துச் சுமை அடித்துக்கொண்டிருந்தார். "உங்க அண்ணன் ஹேண்டிலைப் பிடிக்கிறாரா, பாம்பைப் பிடிக்கிறாரா?" என்று மனைவியிடம் கேட்டுச் சிரிப்பார். கைராசியும் சேர்ந்து சிரிப்பார். "கட்டைவிரலை மட்டும் வெளியே போட்டுக்கங்க மச்சான்" என்பார். "கல்யாணத்துல தாலி கட்டுனப்பவே என் கை நடுங்கல மச்சான், இதுக்கா?" என்பார் அவர்.

ஒரு பனிக்காலைப் பொழுதில் அந்த டிராக்டர் உதைத்தது. முஷ்டி ஹேண்டிலோடு போயிற்று. கை ஒடிந்து அவர் முன்னால் சரிய, கழன்றுவந்த ஹேண்டில் நெற்றிப்பொட்டில் அடித்தது. டீயோடு வெளியே வந்த தங்கை, அவர் ஏதோ கீழே விழுந்ததைத் தேடிக் குனிந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள்.

அவர் போன பிறகு வண்டியைத் தள்ளிக் கொட்டகையில் விட்டுத் தார்ப்பாய் போட்டார்கள். தங்கை கொட்டகைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளிலேயே வாடகைக்கு இருந்தாள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் தார்ப்பாயின் முதுகு தெரியும். ஜன்னலுக்குத் திரை போட்டாள். காற்றடித்துத் திரை விலகும்போதெல்லாம் அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு ஓடிப்போய் இழுத்து மூடுவாள்.

இரும்புக்கடைக்காரர் ஒருமுறை வந்து பார்த்து, ஏற்றிப்போகிற கூலிக்கே கட்டாது என்று திரும்பிப் போனார். அதே வண்டிக்குச் சில வருஷங்களில் கிறுக்குப் பிடித்த விலை வந்துவிட்டது. பழைய டிராக்டர்களைச் சேர்க்கிறவர்கள் கிளம்பியிருந்தார்கள். செங்கல் சூளை வைத்திருந்த ஒருவர் இதே மாதிரி வண்டியை ஒரு வீட்டின் விலை கொடுத்து வாங்கி, வாசலில் கண்ணாடி அறை கட்டி நிறுத்தினார். அதைப் பார்த்து வயிறெரிந்த பேக்கரி முதலாளி ஒருவர், இதைவிடப் பழையது வேண்டும் என்று ஊர் ஊராக ஆள் விட்டார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். டிராக்டருக்கு அது செல்லாது. ஓடினால் ஒரு விலை, ஓடாவிட்டால் பாதி.

தங்கைக்கு ஒரே ஆசைதான். மகள் இருக்கிற தெருவில் ஒரு சின்ன வீடு. ஜன்னலைத் திறந்தால் வேறு ஏதாவது தெரிய வேண்டும்.

"அண்ணே, ஓடாத வண்டின்னே சொல்லி ஏலத்துக்குப் பதிஞ்சுட்டேன்."

"பாதி விலைக்கு வீடு வராதும்மா."

"பாதி வீட்டுல இருந்துக்கறேன். நீ அதைத் தொடக் கூடாது."

"நான் எங்க தொடறேன்னு சொன்னேன்?"

"தொடமாட்டேன்னும் சொல்லலையே."

அவருக்கு மனம் லேசாயிற்று. லேசானதற்காக வெட்கமாகவும் இருந்தது. அந்த வெட்கத்திலேயே ஒரு வாரம் கொட்டகையில் உட்கார்ந்து வண்டியைச் சுத்தம் செய்தார். புளித்துப்போன எண்ணெயை வடித்தார், பெட்ரோல் குழாயைக் கழுவினார். பொறி தருகிற பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சும்மா சுற்றிப் பார்த்தார். பிளக் இல்லாத எஞ்சின் பல் பிடுங்கின பாம்பு, உதைக்காது. திரும்ப மாட்டியபோது நெற்றி வியர்த்தது. வாங்குகிறவன் கையை உடைத்துவிடக் கூடாது, அதற்குத்தான் இவ்வளவும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஹேண்டிலைச் சீட்டுக்கு அடியில் வைத்தார்.

ஏலத்தன்று அந்த டிராக்டரை மைதானத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தங்கை ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏலக்காரர் மைக்கைத் தட்டினார்.

"ஓடாத வண்டின்னு போட்டிருக்கு. கைராசி இங்க நிக்கும்போது ஓடாத வண்டி எப்படிப்பா வரும்? ஊருக்கெல்லாம் வர்ற கை சொந்தத் தங்கச்சிக்கு வராதா?"

கூட்டம் சிரித்தது.

"கை வலிக்குதுங்க" என்றார் கைராசி.

"காலையில மூணு வண்டியைக் கிளப்பினப்போ வலிக்கலையா?"

"அதனாலதான் வலிக்குது."

மறுபடியும் சிரிப்பு. அவரும் சிரித்தார். வாய் மட்டும் சிரித்தது. தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏலக் கேள்வி கீழேயிருந்து தொடங்கியது. சூளைக்காரர் பாதி விலை வரை ஏற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். ஏலக்காரர் "ஒரு தரம்" என்று வாயெடுத்தபோது பேக்கரி முதலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"கொஞ்சம் இருங்க. நானே ஒரு சுத்து சுத்திப் பார்த்துக்கறேன். ஓடினா ஓடுற வண்டி விலைக்கே கேக்கறேன், சரிதானே?"

"தாராளமா. கை பத்திரம் முதலாளி" என்றார் ஏலக்காரர்.

"மூட்டை மூட்டையா மாவு பிசைஞ்ச கைங்க இது" என்று சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, ஹேண்டிலைச் செருகி, இரண்டு காலையும் அகற்றி நேரே நின்று பிடித்தார்.

நல்ல கை. உருண்டு திரண்ட கை. கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் பூட்டு மாதிரி ஏறிக் கிடந்தது.

கைராசி அதைப் பார்த்தார். எப்போது நடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. "விடுங்க" என்றார். பேக்கரி முதலாளி சிரித்துக்கொண்டே தோளை இறக்கினார். "விடுய்யா கையை" என்று கைராசி அவரைத் தள்ளியேவிட்டார். அந்த மைதானத்தில் அவர் யாரிடமும் குரல் உயர்த்தி அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"அண்ணே" என்று தங்கை எழுந்தாள்.

அவர் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுவோம் என்று பட்டது. வண்டியைச் சுற்றிவரவில்லை. எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. ஹேண்டிலைப் பிடித்து இழுத்தார்.

ஒன்றும் இல்லை. கூட்டத்தில் யாரோ "ஒரு தரம்" என்றார்கள்.

இரண்டாவது இழுப்பில் எஞ்சின் தும்மிக் கொஞ்சம் புகை விட்டது. "ரெண்டு தரம்" என்று இப்போது பத்துப் பேர் சேர்ந்து கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே நாற்காலி கீழே சாய்ந்தது அவருக்குக் கேட்டது.

மூன்றாவது தரம் அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

டிராக்டர் எழுந்தது. முதலில் திக்கித் திக்கி, பிறகு சீராக, மச்சான் காலம் முழுக்கத் தெருமுனையில் கேட்ட அதே சத்தம். தங்கை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். கூட்டம் ஆரவாரித்தது. சூளைக்காரர் கட்டிய கையை அவிழ்த்தார். பேக்கரி முதலாளி விட்டுக்கொடுக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே ஏற்றினார்கள். பாதி முழுதாயிற்று, முழுதுக்கு மேலும் போயிற்று. கடைசியில் ஏலக்காரர் "மூணு தரம்" என்றபோது, ஒரு வீடும் வாசலில் கொஞ்சம் இடமும் வாங்கும் விலைக்கு வண்டி பேக்கரி முதலாளியுடையதாயிற்று.

"கைராசின்னா கைராசிதான்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

மைதானத்துக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தது. தங்கை கைராசியைக் கல்லில் உட்காரவைத்து, டப்பாவில் தண்ணீர் பிடித்துக் கையில் ஊற்றினாள். வருஷக்கணக்காகக் கொட்டகையில் கிடந்த ஹேண்டிலின் துரு நாலு விரல்களிலும் செம்பட்டையாக ஒட்டியிருந்தது. அவள் ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். கட்டைவிரலுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

அதன் உள்பக்கத்தில், மோதிரம் போட்ட மாதிரி வளைவாக, அதே துரு.

"கட்டைவிரல்ல எப்படித் துரு வந்துது?"

அவர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"துடைக்கிறப்போ பட்டிருக்கும்."

எஞ்சின்காரரோடு வாழ்ந்தவள் அவள். துடைத்தால் துரு எங்கே படும், இறுக்கிப் பிடித்தால் எங்கே படும் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

அந்தப் பக்கம் டிராக்டரை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பேக்கரி முதலாளி கோபமெல்லாம் மறந்து, வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"அண்ணே, தள்ளிவிட்டீங்களே, பரவாயில்ல. ஒருநாள் வீட்டுக்கு வந்து எனக்கும் அந்த ராசியைக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானே கிளப்பப் போறேன். பேரப்பிள்ளைங்க எல்லாம் சுத்தி நின்னு பாக்கணும்."

கைராசி வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது ஒன்றுதான். அதைச் சொல்ல இன்று தனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியதோ என்னவோ, தன் கையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"கட்டைவிரலை வெளியே போட்டுப் பிடிக்கணும்" என்று தங்கைதான் சொன்னாள். "சுத்தியே ஆகணும்னு என்ன இருக்கு? பட்டனை அமுக்கிக் கிளப்புற மோட்டார் ஒண்ணு மாட்டிக்கங்களேன்."

"அதை மாட்டினா ஒரிஜினல் போயிடும்மா" என்று சிரித்தார் அவர். "பாதி விலைகூடத் தேறாது."

லாரி நகர்ந்தது. ஹேண்டில் முன்மூக்கிலேயே செருகியபடி இருந்தது. அது வளைவில் மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கை இன்னும் அண்ணனின் கையை விடவில்லை. துரு போன பிறகும் அந்தக் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதை மெதுவாக நிமிர்த்தி, மற்ற நாலு விரல்களின் பக்கமாகச் சேர்த்துவைத்தாள்.